ஒரு கேள்வியும் ஒரு பட்டமும்: டாக்டர் உ.வே.சா. வாழ்வு உணர்த்தும் தன்மதிப்பு

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை நகரம் மக்கள் வெள்ளத்தில் மிதக்கும். பள்ளிகளுக்கு விடுமுறை. அத்தகைய ஒரு நாளில், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் நம் சமூகத்துச் சிறுமி ஒருத்தி நம் இல்லத்திற்கு வந்திருந்தாள். கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தபின், தயங்கித் தயங்கி ஒரு செய்தியைக் கூறினாள். அவள் சமண சமயத்தைச் சார்ந்தவள் என்று அறிந்த தோழியர், அவள் குடும்பம் எந்த வடநாட்டு ஊரிலிருந்து வந்தது என்று கேட்டனராம். அவள் முன்னோர் பல தலைமுறையாகப் போளூர்ப் பக்கத்தில் உழுது வாழ்ந்தவர்கள். வீட்டு மொழி தமிழ். வேறு மொழி எதுவும் அவள் பாட்டிக்கும் தெரியாது. ஆயினும் அவள் விடை ஒன்றும் கூறாமல் இருந்துவிட்டாள். என்ன கூறுவது என்று தெரியவில்லை என்று சொல்லும்போது அவள் கண்கள் கலங்கின.

நமக்கு நம் பள்ளிப்பருவம் நினைவுக்கு வந்தது. வகுப்பில் ஒரு நாள் சமணர் கழுவேறிய கதை பாடமாக வந்தது. ஆசிரியர் தீய எண்ணத்தோடு கூறினார் அல்லர். பாடத்தில் உள்ளதைக் கூறினார். ஆனால் வகுப்பு முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. குற்றம் ஒன்றும் செய்யாத நாம் குற்றவாளி போலத் தலை கவிழ்ந்திருந்தோம். அந்தத் தலைகுனிவு நீங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் உளவியல் பாடத்தில் இதற்கு விளக்கம் கிடைத்தது. மனிதன் தன்னைப் பற்றித் தான் கொள்ளும் கருத்து பிறக்கும்போதே உடன் வருவதன்று. தாய் தந்தையர், ஆசிரியர், தோழர் ஆகியோர் முகங்களிற் காணும் மதிப்பைக் கொண்டே குழந்தை தன்னை மதிப்பிடுகிறது. கூலி என்னும் அமெரிக்க அறிஞர் 1902-இல் எழுதிய நூலில் பிறரை ஒரு கண்ணாடிக்கு ஒப்பிட்டார். அவருக்கு முன்னரே வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வேறொரு கணக்கைக் கூறினார். ஒருவன் பெற்ற வெற்றியை அவன் கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே அவனது தன்மதிப்பு என்பது அவர் கருத்து. இரண்டும் பயனுள்ளவையே. ஆயினும் கண்ணாடி கோணலாயிருந்தால் என் செய்வது? வெற்றி என்று நாம் எண்ணியிருந்ததே வெற்றியன்று என ஒரு நாள் தெரிந்தால் என் செய்வது?

இவ்விரு வினாக்களுக்கும் விடையாக ஒரு பெரியாரின் வாழ்க்கையை அன்று அச்சிறுமிக்குச் சொன்னோம். அதனையே இங்கு எழுதுகின்றோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் நன்றியோடு நினைக்கத் தக்கவர். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

பெயரும் பிறப்பும்

ஐயர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையிலும் இராமாயணக் கதை சொல்வதிலும் வல்லவர். தாயார் சரஸ்வதி அம்மாள். நிலையான வருவாய் இல்லாத குடும்பம். ஆதரிப்பார் எங்கு உளரோ அங்கு சென்று சில காலம் தங்குவதும், பின் வேறோர் ஊருக்குப் பெயர்வதுமாக அவர் இளமை கழிந்தது.

தந்தையார் மகனை இசைவாணர் ஆக்க விரும்பினார். உறவினர் சிலர் ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும் என்றனர். தமிழ் கற்றால் வயிறு நிறையாது என்பதே அக்காலத்தின் பொதுக்கருத்து. ஆனால் அச்சிறுவர் உள்ளம் தமிழையே நாடியது. அரியலூர்ச் சடகோபையங்கார் அந்த ஆர்வத்திற்கு வித்திட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைக் கற்பித்தார். அக்காரிகையை இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர் என்பதை நாம் இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர் காலத்தில் தமிழ் கற்போர் எல்லாரும் ஓதிய நன்னூலை அருளிய பவணந்தி முனிவரும் நம்மவரே. பின்னாளில் சமணக் காப்பியத்தை உயிர்ப்பித்தவருக்கு, அவர் அறியாமலே அடித்தளம் இட்டவை சமண முனிவரின் நூல்கள்.

1871-ஆம் ஆண்டு, பதினாறு வயது நிரம்பிய நிலையில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வேறு பெயர் உண்டா என்று பிள்ளையவர்கள் வினவினார். வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்று அறிந்து, அப்பெயரையே தாம் வழங்கத் தொடங்கினார். அன்று முதல் உலகத்திற்கும் அவர் சாமிநாதன் ஆனார். ஒரு மாணவன் தன்னை இன்னான் என்று அறிந்துகொள்வதில் ஆசிரியர்க்குரிய பங்கு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

ஆசிரியர் தந்த தகுதி

பிள்ளையவர்கள் சொற்களை அளந்து பேசுபவர், மாணாக்கரை வைதறியாதவர். அவரது முகக்குறிப்பே இளைஞருக்கு அளவுகோலாயிற்று. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசை பயின்று வந்தார் சாமிநாதையர். அது தம் ஆசிரியருக்கு உவப்பன்று என்று உணர்ந்ததும் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அன்பும் கிட்டியது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனப் பல நூல்களைப் பாடங் கேட்டார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறையும் வரை அவரை நிழல்போலத் தொடர்ந்தார்.

1880-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று வற்புறுத்தி அமர்த்தினார். திங்களுக்கு ஐம்பது ரூபாய்ச் சம்பளம். வறுமையில் உழன்ற குடும்பத்திற்கு அது பெருஞ்செல்வம். வகுப்பில் செய்யுளை இசையோடு பாடிப் பொருள் சொன்னார், மாணவர் மயங்கினர். முன்னர்க் கைவிட்ட இசை கைகொடுத்தது.

இப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவானின் மாணாக்கர், ஆதீனத்தின் அன்பர், கல்லூரி ஆசிரியர். கண்ணாடிகள் எல்லாம் அழகிய உருவத்தையே காட்டின. தாம் கற்றவர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஒரு வியாழக்கிழமை

1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், வியாழக்கிழமை. அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காணச் சென்றார் ஐயர். யாரிடம் பாடங் கேட்டீர் என்று முதலியார் கேட்டார். பிள்ளையவர்களின் பெயரைச் சொன்னபோதும் அவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. என்னென்ன நூல்கள் படித்தீர் என்று அடுத்துக் கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பட்டியல் நீண்டதே தவிர, முதலியாரிடம் அசைவில்லை. நைடதத்தையும் கம்பராமாயணத்தையும் கூறிப் பார்த்தார். அப்பொழுதும் நிறைவு காணாத முதலியார், இவற்றால் என்ன பயன் என்று வினவினார். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றை அறிவீரா என்றார்.

ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவர் ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை. ஏடு கிடைத்தாலன்றோ படிப்பது? கிடைத்தால் படிப்பேன் என்று விடையிறுத்து வீடு திரும்பினார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்றே நிற்போம். பத்தாண்டு உழைப்பை ஒருவர் பொருட்படுத்தாது ஒதுக்கினால் மனிதன் செய்யக் கூடியவை மூன்று. வினவியவரை வெறுக்கலாம். தன்னையே வெறுத்துச் சோர்ந்து போகலாம். அல்லது, தன்னிடம் இல்லாதது இன்னது என்று அறிந்து அதைத் தேடிப் புறப்படலாம். முதலிரண்டும் எளியவை. நம்மிற் பலர் அவற்றையே செய்கின்றோம். ஐயர் மூன்றாவதைச் செய்தார்.

நம் ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்வகைச் செருக்குகளை விலக்கச் சொல்கிறார். அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு என்னும் எட்டினாலும் வருவது செருக்கு. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது அறிவுச் செருக்கே. தன்மதிப்பு வேறு, செருக்கு வேறு. ஒரு வினாவினால் உடைந்து போவது செருக்கு. அவ்வினாவைத் தாங்கி நின்று வளர்வது தன்மதிப்பு. அந்த வியாழக்கிழமையில் ஐயரிடம் உடைந்தது முன்னது. எஞ்சி நின்றது பின்னது.

சமண இல்லத்தின் வாயிலில்

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கைப்பிரதியை அளித்து, தமக்கே பாடஞ் சொல்லுமாறும் வேண்டினார். ஐயர் ஏட்டைத் திறந்தார். திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம், பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள், நச்சினார்க்கினியர் உரை. முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தைப் பவர் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்தார். மற்றவை ஏட்டிலேயே கிடந்தன. சொல் விளங்கிய இடத்திலும் பொருள் விளங்கவில்லை. சமண சமயக் கொள்கைகளும் கலைச்சொற்களும் தெரியாமல் நூலின் உள்ளே புக இயலாது என்பது அவர்க்குத் தெளிவாயிற்று.

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்வதையும், அவர்கள் சிந்தாமணியை ஓதி வருவதையும் கேள்வியுற்று அவர்கள் இல்லம் தேடிச் சென்றார். சென்ற நாளில் அவ்வீடு விழாக் கோலம் பூண்டிருந்தது. திருமணமோ என்று எண்ணினார். வினவியபோது, பல நாளாக ஓதி வந்த சிந்தாமணி அன்று நிறைவு பெற்றது என்றும், அதற்கான வழிபாடே நிகழ்கின்றது என்றும் அறிந்தார். தமிழறிஞர் உலகம் மறந்துவிட்ட காப்பியம், சில சமண இல்லங்களில் இறைநூலாகப் போற்றப்பட்டு உயிரோடிருந்தது! ஆடம்பரமில்லாத அந்த எளிய இல்லறத்தார் தாம் பெருஞ்செயல் செய்வதாக எண்ணியிரார். முன்னோர் செய்ததைத் தாமும் செய்தனர். அவ்வளவே.

அன்று முதல் ஐயர் அங்கே மாணவரானார். கல்லூரியில் ஆசிரியர், சமணத் தெருவில் மாணவர். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவர் ஐயங்களைப் பொறுமையோடு தீர்த்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுக் குறித்துக்கொண்டார். கற்றவர் என்னும் பெயரை விடாமல் பற்றியிருந்தால் இவ்வாறு பிறர் வாயிலில் போய் நின்றிருக்க முடியுமா?

முதற் பட்டம்

ஐயர் நாள்தோறும் வந்து சமயப் பொருள்களை ஆர்வத்தோடு கேட்பதை ஒரு சமண இல்லத்துப் பெண்மணி கவனித்து வந்தார். வேற்றுச் சமயத்தவர் ஒருவர்க்கு இத்துணை ஈடுபாடு எவ்வாறு வந்தது என்று வியந்து, இவர் பவ்ய ஜீவனோ என்று வினவினார். ஆம் என்றே அவ்வீட்டார் விடை கூறினர். வீடுபேற்றுக்குரிய பக்குவம் வாய்ந்த உயிரையே பவ்ய ஜீவன் என்கிறோம் என்பதைப் படிப்போர் அறிவர். ஐயர் பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, இதனையே தாம் பெற்ற முதற் பட்டமாகக் குறித்து மகிழ்ந்தார்.

அப்பட்டத்தை வழங்கியது அரசு அன்று, பல்கலைக்கழகமும் அன்று. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு தாய். அவர் ஐயரின் குலத்தை மதிக்கவில்லை, சம்பளத்தை மதிக்கவில்லை, படித்த நூல்களை எண்ணவில்லை. அறிய விரும்பும் அவர் உள்ளத்தைக் கண்டார். உயிரின் தகுதியைக் கண்டார். முதலியாரின் வினா ஐயரிடம் இல்லாததைக் காட்டியது. இத்தாயின் சொல் அவரிடம் இருப்பதைக் காட்டியது. மாணவன் வளர்வதற்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்தால் சோர்வு அல்லது செருக்கு என்னும் இரண்டில் ஒன்று விளையும் என்பது வகுப்பறையில் நாம் கண்ட உண்மை.

அச்சேறிய சிந்தாமணி

ஏழாண்டு உழைப்பு. ஏடுகளைத் தேடித் தொகுத்தல், பாடங்களை ஒப்பிடுதல், மேற்கோள்களின் மூலத்தைக் கண்டறிதல் எனக் கல்லூரிப் பணி போக எஞ்சிய நேரமெல்லாம் இதற்கே சென்றது. கையொப்பக்காரரிடம் முன்பணம் திரட்டிச் சென்னையில் அச்சிட்டார். சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டதனாலேயே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் மரபைச் சைவ உலகம் அறியும். ஆகவே சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று குறை கூறினோரும் இருந்தனர். பதிப்பிற் பிழை தேடினோரும் இருந்தனர். ஐயர் தம் சமய ஒழுக்கத்திலிருந்து சிறிதும் வழுவவில்லை. நம் சமயக் கருத்தைத் திரித்தும் எழுதவில்லை. தாம் யார் என்று தெளிந்தவர்க்குப் பிறர் சமயத்தை மதிப்பதில் அச்சம் இராது. 1887-இல் சீவகசிந்தாமணி முழுமையாக வெளிவந்தது.

அந்நூலின் தலைவனாகிய சீவகன் வரலாறும் இங்கு நினைக்கத் தக்கது. சுடுகாட்டில் பிறந்து, வணிகனாகிய கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்த அவனுக்குத் தான் அரசகுமாரன் என்பது தெரியாது. ஆசிரியர் அச்சணந்தியே அவன் பிறப்பை உணர்த்துகிறார். உணர்த்தியதோடு, உடனே வாளெடாமல் ஓராண்டு பொறுத்திருக்கவும் உறுதி பெறுகிறார். இறுதியில் வென்ற அரசையும் துறந்து தவத்தை மேற்கொள்கிறான் சீவகன். வணிகன் மகன், அரசன் மகன், அரசன் என்னும் மூன்று பெயர்களையும் கடந்து, உயிர் என்னும் தன் இயல்பை அறிவதே அக்காப்பியத்தின் முடிவு.

பிற்காலம்

சிந்தாமணிக்குப்பின் ஐயர் நிற்கவில்லை. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. முதலியார் அன்று பெயர் சொல்லிக் கேட்ட மூன்று நூல்களும் பதினெட்டு ஆண்டுகளில் தமிழர் கைக்கு வந்துவிட்டன. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906-இல் மகாமகோபாத்தியாய என்னும் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன.

இத்துணைச் சிறப்பு எய்திய பின்னரும் அவர் தம்மைத் தனித்து நின்ற மனிதராகக் கருதவில்லை. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்கு வேலை தேடித் தந்தவரின் பெயர் அது. முதிய வயதில் தம் ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதிவந்தார். முதலியார் முன் தாம் நாணி நின்றதை அதில் மறைக்கவில்லை. தன் குறையைத் தானே எடுத்துரைக்கும் துணிவு, உண்மையான தன்மதிப்பு உடையார்க்கே வரும். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

இனி அச்சிறுமிக்கு வருவோம். அவளுக்கு இல்லாதது தகுதி அன்று, தகவல். பள்ளியில் அவள் கற்கும் நன்னூல் பவணந்தி முனிவருடையது. அவள் ஊருக்கு அண்மையிலுள்ள திருமலையில் குந்தவை பெயரால் ஜினாலயம் விளங்குகிறது. பாறையில் பதினாறு அடி உயரத்தில் நேமிநாதர் நிற்கிறார். வந்தவாசி வட்டத்துப் பொன்னூர் மலையில் ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகளை வணங்குகிறோம். இவற்றை அவளுக்குச் சொல்லவேண்டிய பெரியோர் நாம். நாம் சொல்லாமற் போனோம். அவள் பேசாமல் நின்றாள். குறை யாருடையது?

ஆனால் பழம்பெருமை மட்டும் போதாது. குலத்தால் வரும் பெருமிதமும் எண்வகைச் செருக்கில் ஒன்றே. கும்பகோணத்துச் சமணர் பெருமை பேசியிருப்பின் ஐயர் திரும்பிப் போயிருப்பார். அவர்கள் நூலை ஓதினார்கள், காத்தார்கள், கேட்டவர்க்குக் கற்பித்தார்கள். தன்மதிப்புக்குரிய வழி அதுவே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்த நாளில், அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். முதலியாரைப் போல இன்னும் கற்க வேண்டுவது எது என்று காட்டுங்கள். அத்தாயைப் போல, அக்குழந்தையின் உள்ளே உள்ள உயிரின் தகுதியையும் ஒரு சொல்லால் உணர்த்துங்கள். எல்லையற்ற அறிவும் ஆற்றலும் உயிரின் இயல்பு என்பது நம் அருகதேவர் அருளிய உண்மை. வினை என்னும் திரை அதனை மறைக்கலாம். இல்லாமற் செய்ய இயலாது. இதனை நம்பும் சமூகத்திற் பிறந்த குழந்தை, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று கண் கலங்கலாமா?

கதை முடிந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. மலைமேல் தீபத்தின் ஒளி தெரிந்தது. சிறுமி எழுந்து, புத்தக அலமாரியிலிருந்த சிந்தாமணியை எடுத்துப் புரட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை என்றாள். ஐயர்க்கும் முதலில் விளங்கவில்லை என்றோம். அவள் சிரித்தாள். ஞாயிறுதோறும் வருவதாகச் சொல்லிச் சென்றாள், வருகிறாள். இப்பொழுது நாமகள் இலம்பகம் நடைபெறுகிறது.

அறம் வளர்க!